ஆக்சிடென்ட் கிளெய்ம்: உடம்புக்கு ஒரு ரூட்டு, வண்டிக்கு வேற ரூட்டு

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் ஈசிஆர்லயும் சரி, ராம்நாடு டு ராமேஸ்வரம் ரோட்டுலயும் சரி, ஒரு ஆக்சிடென்ட் ஆன அரை மணி நேரத்துல ரெண்டு பேச்சு ஓட ஆரம்பிச்சிரும். ஒண்ணு, "கேஸு கீஸுன்னு எதுக்கு அலையணும், பேசி முடிச்சிருவோம்". இன்னொண்ணு, "இன்சூரன்ஸ் இருக்குல்ல, எல்லாம் அவன் குடுப்பான்". ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பி உக்காந்தவங்க நிறைய இழந்திருக்காங்க. இது போதாதுன்னு 6 மாசத்துக்குள்ள கேஸ் போடலைன்னா ஒண்ணும் கிடைக்காதாம்னு ஒரு பேச்சு, இல்ல சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திருச்சுன்னு இன்னொரு பேச்சு.

உடம்புல பட்ட காயத்துக்கு நஷ்டஈடு வாங்குற வழி வேற, வண்டி நசுங்குனதுக்கு காசு வாங்குற வழி வேற. கொடுக்குற ஆள், கேக்குற இடம், காட்டுற பேப்பர், கணக்கு போடுற முறை எல்லாமே வேற. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டுறதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது.

முதல்ல பாலிசியில என்ன இருக்குன்னு பாக்கணும்

1. தேர்டு பார்ட்டி. சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயம் இருக்க வேண்டியது. உங்க வண்டியால அடுத்தவனுக்கு வர்ற நஷ்டத்துக்குத்தான் இது, உங்க வண்டிக்கு இதுல பத்து பைசா வராது. புது பைக்னா 5 வருஷத்துக்கும் புது கார்னா 3 வருஷத்துக்கும் சேத்தே கட்ட வச்சிருவாங்க, அதனால "என் பைக்குக்கு 5 வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு தெம்பா இருக்குற பல பேர் கையில இருக்கிறது வெறும் தேர்டு பார்ட்டிதான்.

2. ஓன் டேமேஜ். உங்க வண்டிக்கு. ரெண்டும் சேந்ததைத்தான் ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றோம்.

3. பெர்சனல் ஆக்சிடென்ட். வண்டி யார் பேர்ல இருக்கோ அவரே ஓட்டிட்டுப் போய் விபத்தானா, இறப்பு இல்லைன்னா நிரந்தர ஊனத்துக்கு 15 லட்சம் வரைக்கும். லைசென்ஸ் இருக்கணும். தம்பி ஓட்டிட்டுப் போய் விழுந்தா இது வராது.

ஆர்சி புக்கையும் பாலிசியையும் இன்னைக்கே ஒரு தடவை எடுத்து பாத்துருங்க. எதிர் வண்டிக்கு எந்த கம்பெனி இன்சூரன்ஸ்னு தெரியணும்னா நம்பரை எம்-பரிவாஹன் ஆப்ல போட்டாலே பெரும்பாலும் வந்துரும்.

ஸ்பாட்லயே பேசி முடிக்கிறது

உச்சிப்புளி பக்கம் ஒரு மீன் லோடு வண்டி பைக்கை தட்டிருச்சுன்னு வச்சுக்கோங்க. பைக்காரர் எந்திரிச்சு நிக்கிறாரு, முழங்கை சிராய்ப்பு, ஹெட்லைட்டும் மட்கார்டும் போச்சு. ஊர்ல நாலு பெரியவங்க சேந்து 8,000 ரூபாய் பேசி, ஒரு பேப்பர்ல "எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை"ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு லோடு வண்டியை அனுப்பிர்றாங்க. மீனு கெட்டுப் போயிருமேன்னு எல்லாருக்குமே ஒரு அவசரம். மூணாவது நாள் மணிக்கட்டு வீங்கி எக்ஸ்ரே எடுத்தா எலும்பு முறிஞ்சிருக்கு, பிளேட் வைக்கணும்ங்கிறாங்க. இப்ப எஃப்ஐஆர் இல்ல, வண்டி நம்பரை யாரும் போட்டோ எடுக்கல, கையில இருக்கிறது அந்த 8,000 மட்டும், அதுலயும் பாதி ஹெட்லைட்டுக்கு போயிருச்சு.

வண்டி சேதத்தை மட்டும் பேசி முடிக்கிறதுல தப்பே இல்ல, சின்ன சேதத்துக்கு அதுதான் புத்திசாலித்தனமும் கூட. ஆனா பேப்பர் எழுதுனா "வண்டி ரிப்பேருக்கு மட்டும்"னு எழுதணும். உடம்பை பத்தி எதுலயும் கையெழுத்து போடக்கூடாது, ஏன்னா உள்காயம் எவ்வளவுன்னு அன்னைக்கு டாக்டருக்கே தெரியாது. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதிர் வண்டி நம்பர் பிளேட், டிரைவர் லைசென்ஸ், வண்டி நின்ன நிலை எல்லாத்தையும் போனுல எடுத்துரணும். 8,000 வாங்கிட்டதாலயே கிளெய்ம் உரிமை செத்துப் போயிராது, ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் அந்த பேப்பரை கோர்ட்ல ஆட்டிக் காட்டுவாரு, அதுக்கு நீங்க பதில் சொல்லிட்டே இருக்கணும்.

ஆஸ்பத்திரியில எழுதுற முதல் வரி

எனக்கு கேட்டா மொத்த கிளெய்ம்லயும் முக்கியமான பேப்பர் இதுதான், எஃப்ஐஆர் கூட இதுக்கு அடுத்துதான். அடிபட்டவரை கொண்டு போனதும் டூட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஒரு என்ட்ரி போடுவாரு, ஏஆர் காப்பின்னு சொல்றது இதைத்தான். எப்ப, எங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டு எழுதுவாங்க. கூட வந்தவரு பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லுவாரு, அதையே அப்படியே எழுதிருவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை பிடிச்சுக்குவாரு: "இது தானா விழுந்த கேஸு, எங்க வண்டி மோதவே இல்ல, பின்னாடி கொண்டு வந்து சேத்திருக்காங்க". அதனால "இன்ன இடத்துல வந்துட்டு இருக்கும்போது இன்ன நம்பர் வண்டி மோதிருச்சு"ன்னு தெளிவா சொல்லணும். நம்பர் தெரியலைன்னா என்ன வண்டின்னாவது சொல்லணும்.

நம்ம பக்கம் இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. முதல்ல ராமேஸ்வரத்துலயோ கீழக்கரையிலயோ காட்டுவாங்க, அங்க இருந்து ராம்நாடு ஜிஹெச், அங்க இருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. மூணு இடத்துலயும் மூணு என்ட்ரி. ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா அதுவும் வம்புதான். மூணு இடத்து பேப்பரையும் வாங்கி வச்சுக்கணும், ஆம்புலன்ஸ், ஸ்கேன், மருந்துக்கடை பில்லு எதையும் தூக்கிப் போடக்கூடாது.

முதல் செலவுக்கு பயந்து யாரும் தயங்க வேண்டியதில்ல. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது உண்டு. மத்திய அரசு 2025 மே மாசம் அறிவிச்ச கேஷ்லெஸ் திட்டத்துல 7 நாள் வரைக்கும் 1.5 லட்சம். தூக்கிட்டு வந்து சேத்தவரை போலீஸ் கேஸ்ல மாட்டிவிட முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுல அவங்களுக்கு பாதுகாப்பு இருக்கு.

போலீஸ் பேப்பர்கள்

புகாரை வாங்கிக்கிட்டோம்ங்கிறதுக்கு சிஎஸ்ஆர் ரசீது குடுத்து அனுப்பிட்டா அதோட திருப்தியாகிராதீங்க, எஃப்ஐஆர் வேணும். 2024 ஜூலைக்கு அப்புறம் பழைய ஐபிசிக்கு பதிலா பாரதிய நியாய சம்ஹிதாதான், கண்மூடித்தனமா ஓட்டுனதுக்கு பிரிவு 281, காயம் ஏற்படுத்துனதுக்கு 125, உயிர் போயிருந்தா 106. ஆஸ்பத்திரியில கிடந்ததால புகார் லேட்டாச்சுன்னா பயப்பட வேண்டாம், சரியான காரணம் இருந்தா லேட்டை மட்டும் வச்சு கிளெய்மை தள்ள முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

எஃப்ஐஆரோட சேத்து வாங்க வேண்டியது விபத்து நடந்த இடத்தை வரைஞ்ச ரஃப் ஸ்கெட்ச், இடத்தை பாத்து எழுதுற பார்வை மகஜர், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை பாத்து குடுக்குற எம்விஐ ரிப்போர்ட், கடைசியா சார்ஜ் ஷீட். ரஃப் ஸ்கெட்சை மட்டும் நிதானமா பாருங்க. வளைவுல சீமைக்கருவேலம் மறைச்சிருந்துச்சா, வண்டி ரோட்டோட எந்தப் பக்கம் கிடந்துச்சு, இதையெல்லாம் வச்சுத்தான் யார் மேல எத்தனை சதவீதம் தப்புன்னு பிரிப்பாங்க.

2022ல இருந்து வேற ஒரு முறையும் இருக்கு. விபத்து நடந்து 48 மணி நேரத்துல போலீஸ் முதல் விபத்து அறிக்கைய மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 90 நாளைக்குள்ள முழு விபத்து அறிக்கை போகணும். தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே மனுவா எடுத்துக்கலாம். ஆனா அது தானா நடந்துரும்னு உக்காந்திருக்காம ஸ்டேஷன்ல கேட்டு ஒரு காப்பி வாங்கிக்கிறது நல்லது.

உடம்புக்கான கிளெய்ம்: எந்த கதவை தட்டுறது

1. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166. பொதுவா எல்லாரும் போடுறது. மோட்டார் விபத்து கோரிக்கை தீர்ப்பாயத்துல மனு, நம்ம ஊர்ல எம்சிஓபின்னு நம்பர் விழும். எதிர் வண்டி மேல தப்புன்னு காட்டணும். எவ்வளவு கேக்கலாம்ங்கிறதுக்கு உச்சவரம்பு கிடையாது. விபத்து நடந்த ஊர்லயும் போடலாம், நீங்க குடியிருக்கிற ஊர்லயும் போடலாம். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்து அடிபட்ட சேலத்துக்காரரு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராம்நாடு வர வேண்டியதில்ல.

2. பிரிவு 164. யார் தப்புன்னே காட்ட வேண்டாம், இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிஞ்சாலே கொடுங்காயம்தான். ஆனா இதை வாங்கிட்டா 166 மனு போயிரும். சம்பாதிக்கிற வயசுல கால் போனவரு அவசரத்துல இதுக்கு ஒத்துக்கிட்டா பெரிய நஷ்டம்.

3. பிரிவு 161. இடிச்ச வண்டி எதுன்னே தெரியாம ஓடிப் போயிருச்சுன்னா. 2022 ஏப்ரல்ல இருந்து இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதுக்கு கோர்ட்டுக்கு போக வேண்டாம், வருவாய்த்துறையில மனு குடுத்தா விசாரிச்சு கலெக்டர் உத்தரவு போடுவாரு. ராத்திரி நேரத்துல ஈசிஆர்ல நடந்துபோனவங்க, சைக்கிள்ல போனவங்க குடும்பம் நிறைய இதை கேக்காமலே விட்டுருது.

4. தப்பே உங்க மேலதான்னா 166 கிடையாது. பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருந்தா அதுல கேக்கலாம்.

படகு மோதி அடிபட்டா இந்த தீர்ப்பாயம் கிடையாது, இது ரோட்டுல ஓடுற மோட்டார் வண்டிக்கு மட்டும்தான்.

6 மாசக் கெடு இருக்கா இல்லையா

1994 திருத்தத்துக்கு அப்புறம் 166 மனுவுக்கு காலக்கெடுவே இல்லாம இருந்துச்சு. 2019 திருத்தம் 6 மாசம்னு திரும்ப கொண்டு வந்து, 2022 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதை எதிர்த்து வழக்குகள் போயி, 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், லேட்டுங்கிற ஒரே காரணத்துக்காக மனுக்களை தள்ளுபடி பண்ணக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. இடைக்காலம்ங்கிறதை கவனிங்க, கடைசித் தீர்ப்பு எப்படி வேணா வரலாம். 6 மாசம் தாண்டுனவங்க மனம் விட வேண்டாம், தாண்டாதவங்க அந்த உத்தரவை நம்பி தள்ளிப் போடவும் வேண்டாம்.

தொகை எப்படி கணக்காகுது

சுப்ரீம் கோர்ட்டோட 2009 சரளா வர்மா தீர்ப்பு, 2010 ராஜ்குமார் தீர்ப்பு, 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு, இந்த மூணும்தான் அடிப்படை. வயசுக்கு ஒரு பெருக்கல் எண் உண்டு: 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 46–50க்கு 13, 56–60க்கு 9ன்னு இறங்கிட்டே வரும்.

35 வயசு, மாசம் 15,000 வருமானம்னு தீர்ப்பாயம் எடுத்துக்கிட்ட ஒருத்தரை பாப்போம்:

1. வருஷத்துக்கு 1,80,000.
2. சொந்தத் தொழில், 40 வயசுக்கு கீழன்னா வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேக்கணும், 2,52,000 ஆச்சு.
3. 16ஆல பெருக்குனா 40,32,000.
4. சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் போச்சுன்னா 12,09,600. 15 சதவீதம்தான்னா 6,04,800.

இதுக்கு மேல மருத்துவச் செலவு, வேதனைக்கு, ஆள் வச்சு பாத்துக்கிட்டதுக்கு, வேலைக்கு போகாத மாசங்களுக்குன்னு தனித்தனியா வரும். மனு போட்ட தேதியில இருந்து வட்டியும் உண்டு, நம்ம தீர்ப்பாயங்கள்ல பெரும்பாலும் 7.5 சதவீதம்.

நாலாவது வரியிலதான் சண்டையே. மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட்ல இருக்கிற ஊன சதவீதமும் சம்பாத்தியத்துல போன சதவீதமும் ஒண்ணு இல்லைன்னு ராஜ்குமார் தீர்ப்பு தெளிவா சொல்லுது. ஒரே மாதிரி முழங்கால் மடங்காம போச்சுன்னா ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறவருக்கு நஷ்டம் கம்மி, ஆடுற நாட்டுப்படகுல நின்னு வலை இழுக்குறவருக்கு தொழிலே போச்சு. அதனால நீங்க செய்யிற வேலையில உடம்பு எப்படி பயன்படுதுன்னு சாட்சியில விவரமா வரணும். "மீனவர்"னு ஒத்தை வார்த்தையில எழுதி விட்டா ஜட்ஜு எதை வச்சு கூட்டிப் போடுவாரு?

சம்பளச் சீட்டு இல்லையேன்னு கவலைப்படுறவங்களுக்கு: ஒரு காய்கறி வியாபாரி கேஸ்ல, 2008ல நடந்த விபத்துக்கு, எந்த ஆதாரமும் இல்லாமலே மாசம் 6,500 வருமானம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கிச்சு. இருந்தாலும் மீனவர் கூட்டுறவு சங்க கார்டு, ஏலக்காரர்கிட்ட இருக்கிற கணக்குச் சீட்டு, பேங்க் பாஸ்புக், இதெல்லாம் இருந்தா தொகை கூடும்.

கம்பெனி கை விரிக்கிற இடங்கள்

குட்டியானைங்கிற சின்ன லோடு வண்டியில ஆள் ஏத்துறது நம்ம கடற்கரையில தினப்படி நடக்குது. சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002லயே சுப்ரீம் கோர்ட் முடிவு பண்ணிருச்சு, ஓனர்தான் கையில இருந்து குடுக்கணும். ஆனா அந்த வண்டியில இருக்கிற சரக்கோட சொந்தக்காரருக்கு கவர் உண்டு. மீன் கூடையோட ஏறி சந்தைக்கு போற அக்காமார் சரக்குக்காரங்க, ஓசியில ஏறுன பயணி இல்ல. இதை போலீஸ் வாக்குமூலத்துலயே சொல்லிரணும், பின்னாடி சொன்னா ஜோடிச்சதும்பாங்க. லோடு ஏத்தி இறக்குறவங்களுக்கு தொழிலாளர் இழப்பீட்டு வழியும் இருக்கு, ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும்.

பைக் பின்னாடி உக்காந்து வந்தவரு: எதிர் வண்டி மேல தப்புன்னா பிரச்சினையே இல்ல. அந்த பைக்காரர் மேலயே தப்புன்னு ஆகி, அவர்கிட்ட வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிதான் இருக்குன்னா கஷ்டம். மூணு பேரா போனதாலயே நஷ்டஈட்டை வெட்ட முடியாது, அப்படி போனதுனாலதான் விபத்தே நடந்துச்சுன்னு காட்டணும், இது 2020 தீர்ப்பு.

கார் லைசென்ஸ் வச்சு குட்டியானை ஓட்டலாமாங்கிற பழைய சண்டை 2024 நவம்பர்ல அரசியல் சாசன அமர்வு தீர்ப்போட முடிஞ்சுது, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டின்னா ஓட்டலாம். லைசென்ஸே இல்லைன்னா பெரும்பாலும் கம்பெனி முதல்ல உங்களுக்கு குடுத்துட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கும்படி உத்தரவாகும்.

பழைய வண்டியை வித்துட்டு பேர் மாத்தாம விட்டவங்களுக்கு: ஆர்சியில யார் பேரோ அவர்தான் ஓனர்னு 2018ல தீர்ப்பு இருக்கு. வண்டி எங்கயோ ஓடும், சம்மன் உங்க வீட்டுக்கு வரும்.

வண்டி சேதம்

எதிர் வண்டி இன்சூரன்ஸ்ல கேக்கணும்னா அதுவும் தீர்ப்பாயத்துலதான். கார், லோடு வண்டி பாலிசியில பொதுவா 7.5 லட்சம் வரைக்கும், டூவீலர் பாலிசியில 1 லட்சம் வரைக்கும். சின்ன சேதத்துக்கு இவ்வளவு காலம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது, அதனால நடைமுறையில எல்லாரும் போறது தன்னோட ஓன் டேமேஜுக்குத்தான். ஒரே சேதத்துக்கு ரெண்டு பக்கமும் காசு வாங்க முடியாது.

கம்பெனிக்கு உடனே சொல்லணும், சேதத்தை மதிப்பிடுற சர்வேயர் பாக்குற வரைக்கும் மெக்கானிக் கழட்டக்கூடாது. அப்புறம் தேய்மானம்னு கழிப்பாங்க: பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்கு ஒண்ணும் இல்ல, இரும்புக்கு வண்டி வயசைப் பொறுத்து 5 வருஷம் தாண்டுனா 40, 10 வருஷம் தாண்டுனா 50. இப்ப வர்ற வண்டியில பாதி பிளாஸ்டிக்தான், அதனால பில்லு 20,000ன்னா கைக்கு 11,000, 12,000 வந்தா ஆச்சரியப்படாதீங்க. ஜீரோ டெப்ங்கிற கூடுதல் கவர் எடுத்திருந்தா இந்தக் கழிவு இல்ல.

உப்புக்காத்துல பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வண்டிக்கெல்லாம் அடியில துரு ஏறியிருக்கும். துரு பாலிசியில வராது. சர்வேயர் "இது பழசு"ன்னு நாலு பார்ட்ஸை அடிச்சு விடுவாரு, அதுல அடிபட்ட பார்ட்ஸும் சேந்து போயிரும். உடைஞ்ச இடத்துல இரும்பு பளபளன்னு தெரியும், ரெண்டு மூணு நாள்ல அதுலயும் துரு பிடிச்சிரும், அன்னைக்கே கிட்ட இருந்து போட்டோ எடுத்தா சர்வேயர்கிட்ட காட்டிப் பேசலாம். தனுஷ்கோடி மணல்ல இறக்கி கடல் தண்ணி இன்ஜின்ல போச்சுன்னா செல்ஃப் அடிக்காதீங்க, அடிச்சு இன்ஜின் பிடிச்சா இன்ஜினுக்கான கூடுதல் கவர் (ஆட்-ஆன்) இல்லாதவங்களுக்கு கிளெய்ம் போயிரும்.

வெள்ளை போர்டு (சொந்த உபயோக) கார்ல வாடகைக்கு ஆள் ஏத்தி விபத்தானா ஓன் டேமேஜை கம்பெனி மறுக்கலாம், சீசன்ல ராமேஸ்வரத்துல எத்தனை வண்டி அப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ரிப்பேர் செலவு வண்டியோட ஐடிவி, அதாவது பாலிசியில வண்டிக்கு போட்டிருக்கிற மதிப்புல 75 சதவீதத்தை தாண்டுனா டோட்டல் லாஸ். சின்ன கீறலுக்கு கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி கிளெய்ம் போடாம இருந்ததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு போகும்னு கணக்கு போட்டுக்கோங்க, அது 50 சதவீதம் வரைக்கும் ஏறியிருக்கும்.

ஓன் டேமேஜ்ல கம்பெனி இழுத்தடிச்சா முதல்ல அவங்க குறைதீர்ப்பு பிரிவுல எழுத்துல புகார், அதுக்கு அப்புறம் பாலிசிதாரர் புகாரை விசாரிக்கிற சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், இல்லைன்னா நுகர்வோர் கோர்ட். ஆம்புட்ஸ்மேன் கிட்ட செலவே இல்ல. ஆனா எதிர் வண்டி கம்பெனி மேல அங்க போக முடியாது, அது உங்க பாலிசி இல்லையே.

லோக் அதாலத், ஃபீஸ், அப்பீல்

ரெண்டு தரப்பும் பேசி சமரசம் ஆகுற லோக் அதாலத்துல முடிச்சா காசு சீக்கிரம் வரும், ஆனா அப்பீல் கிடையாது. அதனால மேல சொன்ன கணக்கை வீட்டுல உக்காந்து ஒரு தடவை போட்டுட்டு போங்க, கம்பெனி சொல்ற தொகை அதுக்கு எவ்வளவு கீழன்னு அப்பத்தான் தெரியும். பத்து இருபது சதவீதம் விட்டுக்குடுக்கலாம், பாதியை விட்டுக்குடுக்கிறது எனக்கு சரியா படல.

வர்றதுல இத்தனை பர்சன்ட்னு வக்கீல் ஃபீஸ் பேசுறது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து நிக்கிற புரோக்கர்கிட்ட வெத்துப் பேப்பர்லயோ வெத்து செக்குலயோ கையெழுத்து போட்டுறாதீங்க. வக்கீல் வைக்க வசதியில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேக்கலாம், கோர்ட் வளாகத்துலயே இருக்கும்.

தீர்ப்பு பிடிக்கலைன்னா 90 நாளைக்குள்ள ஹைகோர்ட் மதுரை கிளையில அப்பீல், சர்ச்சையில இருக்கிற தொகை 1 லட்சத்துக்கு கீழன்னா அதுவும் முடியாது. கம்பெனி அப்பீல் போனா 25,000 இல்ல தீர்ப்புத் தொகையில பாதி, இதுல எது குறைவோ அதை கட்டுனாத்தான் அப்பீலையே எடுத்துக்குவாங்க. அப்பீல் நடக்குறப்பவே கோர்ட்ல கட்டியிருக்கிற தொகையில ஒரு பகுதியை எடுத்துக்க மனு போடலாம், வக்கீல்கிட்ட இதை கேட்டு வாங்குங்க.